விமானியின் கைக்கு வந்த கடிதம்: தொழில் உரிமை கேள்வி பதில்

விமானிகளின் வேலை ஒப்பந்தம், சங்க நடவடிக்கை, ஒழுக்காற்று விசாரணை பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். அவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களின் பெயர்களை எடுத்துவிட்டோம்.

கேள்வி: என் கணவர் துணை விமானி. சேர்ந்து நான்கு வருடம். போன கிழமை, "வேகம் கூடிய நிலையில் தரையிறங்கியமைக்காக உமக்கு எதிராக ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடாது என 7 நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்" என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். அன்றைக்கே பறப்புப் பணிப் பட்டியலான ரோஸ்டரிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டார்கள். இரவிரவாக இருந்து மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, நீர்கொழும்பு

பதில்: கொடுக்க வேண்டாம். நல்ல மனதோடு எழுதிய மன்னிப்பு, விசாரணை மேசையில் ஒப்புதல் வாக்குமூலமாகவே வாசிக்கப்படும். பிறகு பணிநீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபைக்குப் போனாலும் அந்தத் தாள்தான் முதலில் நீட்டப்படும்.

கடிதம் கைக்குக் கிடைத்த திகதியையும் நேரத்தையும் உறையின் மேலேயே பேனையால் எழுதி வையுங்கள். 7 நாள் எந்த நாளிலிருந்து தொடங்கியது என்பதே பின்னர் ஒரு தகராறாகலாம். அடுத்து, முழு விளக்கம் எழுதுவதற்கு முன், இரண்டொரு நாளுக்குள் ஒரு சிறு கடிதம் கொடுக்க வேண்டும். எந்தப் பறப்பு, எந்த ஓடுபாதை, இயக்கக் கைநூலின் எந்தப் பிரிவு மீறப்பட்டது, எந்தத் தரவை வைத்து இந்தக் குற்றச்சாட்டு, அந்தத் தரவின் பிரதி, கப்டன் ஏதும் அறிக்கை கொடுத்திருந்தால் அதன் பிரதி, அந்நேர வானிலை அறிக்கை: இவ்வளவையும் அதில் கேட்க வேண்டும். கடைசி வரி இப்படி இருக்கலாம்: "குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. மேற்கண்ட ஆவணங்கள் கிடைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள் முழு விளக்கம் தருவேன்." பிரதியொன்றில் 'கிடைத்தது' என்று முத்திரையோ கையொப்பமோ வாங்கிக்கொள்ளுங்கள். அவகாசம் தருவதாக எழுத்தில் பதில் வராவிட்டால், ஏழாம் நாள் மாலைக்குள் குற்றச்சாட்டை மறுத்து இரண்டு வரியாவது கொடுத்துவிடுங்கள். நாளைத் தவறவிட்டால், "விளக்கமளிக்கத் தவறினார்" என்ற இரண்டாவது குற்றச்சாட்டு தானாகவே வந்து சேரும்.

இனித்தான் முக்கியமான கேள்வி. வேகம் கூடியது என்று நிறுவனத்துக்கு எப்படித் தெரிந்தது? 27,000 கிலோவுக்கு மேற்பட்ட எடைச் சான்று கொண்ட விமானங்களை இயக்கும் நிறுவனம் பறப்புத் தரவு ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்த வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6ஆம் இணைப்பிலுள்ள விதி. ஓர் எயார்பஸ் ஏ320 எழுபது தொன்னுக்கு மேல். ஆகவே ஒவ்வொரு பறப்பின் வேகம், உயரம், இறங்கும் வீதம் எல்லாம் பதிவாகி ஆய்வுக்குப் போகின்றன. அதே இணைப்பு, அந்தத் திட்டம் தண்டிக்கும் நோக்கில் நடக்கக்கூடாது, தரவின் மூலத்துக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் கணவரே பாதுகாப்புப் பிரிவுக்கு ஓர் அறிக்கை எழுதியிருந்து, அந்த அறிக்கையின் வாசகங்களே குற்றச்சாட்டில் மேற்கோளாக வந்திருந்தால் இன்னும் மோசம். அதே அமைப்பின், பாதுகாப்பு முகாமை பற்றிய 19ஆம் இணைப்பு காக்கச் சொல்வது அறிக்கை எழுதுபவரின் நம்பிக்கையைத்தான். விதிவிலக்குகள் உண்டு. வேண்டுமென்றே விதியை மீறியது, பாரதூரமான கவனக்குறைவு, மது அருந்திவிட்டு விமானத்தில் ஏறியது போன்றவற்றுக்கு இந்தக் கவசம் கிடையாது. ஒரு தரையிறக்கத்தில் வேகம் சில நொட் (மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) கூடியது மட்டும் அந்த வகைக்குள் வராது. சங்கம் முதலில் எதிர்க்க வேண்டியது இந்த இடத்தில்தான். பாதுகாப்புக்காகக் கொடுத்த தகவல் தண்டனைக்குப் போகிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், மறுநாளிலிருந்து ஒரு விமானியும் மனம்திறந்து அறிக்கை எழுத மாட்டார். அதன் விலையைப் பின்னால் அமர்ந்திருக்கும் 170 பேர் கொடுக்க நேரும்.

விளக்கம் எழுதும்போது ஒரு விபரத்தைத் தவறவிடாதீர்கள். அந்தத் தரையிறக்கத்தில் விமானத்தை ஓட்டியவர் யார், கண்காணித்தவர் யார்? கப்டன் ஓட்டியிருந்தால், உங்கள் கணவர் மீதான கேள்வி, வேகம் கூடியதை வாய்விட்டுச் சொன்னாரா என்பது மட்டுமே. பெரும்பாலான நிறுவனங்களின் கைநூலில், முகிலுக்குள் வரும்போது 1,000 அடியிலும், வெளிப்பார்வையில் 500 அடியிலும் விமானம் சரியான வேகத்திலும் இறங்குபாதையிலும் நிலைப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் தரையிறங்காமல் மேலெழ வேண்டும். அந்த உயரங்களில் யார் என்ன சொன்னார் என்று, ஞாபகம் மங்குமுன் வரிசையாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். விமானியறைக் குரல் பதிவுக் கருவிகள் பலவற்றில் கடைசி 2 மணி நேரம் மட்டுமே தங்கும். ஒழுக்காற்று விசாரணைக்கு அது கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கைகொடுக்கவும் கூடாது.

ரோஸ்டரிலிருந்து எடுத்தது ஒரு சிறு தண்டனை போலத் தெரியலாம். விமானிக்கு அது வேறு. கடந்த 90 நாட்களுக்குள் 3 மேலெழல்களும் 3 தரையிறக்கங்களும் இல்லாதவர் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. அரையாண்டுக்கு ஒருமுறை வரும் சிமியுலேட்டர் சோதனையும், மருத்துவச் சான்றும் காலாவதியானால், விசாரணையில் குற்றமற்றவர் என்று வந்தாலும் உடனே திரும்பிப் பறக்க இயலாது. ஆகவே இடைநிறுத்தக் காலத்திலும் சிமியுலேட்டர் நேரம் ஒதுக்கும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும். பிறகு நட்டஈடு கணக்கிடும்போது அந்தத் தாள் பேசும். இடைநிறுத்தத்தில் முழுச் சம்பளமா, அரைச் சம்பளமா, ஒன்றுமில்லையா என்பது நியமனக் கடிதத்திலோ கூட்டு ஒப்பந்தத்திலோ இருக்கும். பறந்த நேரத்துக்குக் கிடைக்கும் பறப்புப்படி நின்றுவிடும் என்பதை எதிர்பார்த்தே குடும்பச் செலவைத் திட்டமிடுங்கள்.

விசாரணை நாளில்: முறைப்பாடு செய்தவரோ சாட்சியோ விசாரணை அதிகாரியாக அமர்ந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். சங்கப் பிரதிநிதி ஒருவரை அழைத்துச் செல்ல அனுமதி கேளுங்கள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்த பிறகே கையொப்பம். பிழை இருந்தால் கையொப்பத்தின் பக்கத்திலேயே "இந்த வரி நான் சொன்னதல்ல" என்று எழுத வேண்டும். "வேலை போகாமல் பார்த்துக்கொள்கிறோம், இராஜினாமாவில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்" என்று யாரும் சொன்னால் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கட்டாயத்தில் கொடுத்த இராஜினாமா என்று பின்னர் நிரூபிப்பது மிகக் கடினம்.

கேள்வி: நான் கப்டன். பணிநீக்கம் செய்யப்பட்டு இரண்டு மாதம். "இவ்வளவு சம்பளம் வாங்குபவர் தொழிலாளி அல்ல, உங்களுக்குத் தொழில் நியாய சபை கிடையாது" என்று மனிதவளப் பிரிவில் சொன்னார்கள். உண்மையா? 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம் எனக்கு உதவுமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: உண்மையல்ல. 1950ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 'தொழிலாளி' என்பவர், தொழில் கொள்வோர் ஒருவருடன் எந்தத் தகைமையிலேனும் ஒப்பந்தம் செய்து வேலை செய்பவர். சம்பள எல்லை இல்லை. பதவி எல்லையும் இல்லை. இந்தியாவில் மேற்பார்வைப் பதவி வகிப்போர் தொழிலாளி ஆவாரா என்று நீதிமன்றங்களில் வாதம் நடக்கும். அந்த வாதத்தை இங்கே இறக்குமதி செய்ய இடமில்லை.

உங்கள் கவனத்துக்குரியது நாட்காட்டி. அச்சட்டத்தின் 31பி பிரிவின் கீழ், பணிநீக்கத் திகதியிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். நிறுவனத்துக்குள் மேன்முறையீடு செய்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்து அந்த 6 மாதத்தை இழப்பவர்கள் உண்டு. உள்ளே மேன்முறையீடு நடக்கட்டும். விண்ணப்பம் தன்பாட்டில் போகட்டும். உங்கள் சார்பில் சங்கமும் போடலாம். பணிநீக்கத்தை நிறுவனம் ஒப்புக்கொண்டால் அதற்கான நியாயத்தை முதலில் காட்ட வேண்டியது நிறுவனம்தான். சபை சாட்சியங்களைப் புதிதாகக் கேட்டு, நீதியும் நியாயமும் எனக் காணும் கட்டளையை இடும்: மீண்டும் வேலை, பின்சம்பளம், அல்லது வேலைக்குப் பதிலாக நட்டஈடு. நடைமுறையில் ஒரு கவலையையும் சொல்லிவைக்க வேண்டும். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டால், உரிமப் புதுப்பித்தலும் பறந்த மணிநேர அனுபவமும் நின்றுவிடும். வழக்கு நடக்கும்போதே மருத்துவச் சான்றையும் விமான வகைத் தகுதியையும் சொந்தச் செலவிலாவது உயிரோடு வைத்திருப்பது நல்லது. மீண்டும் வேலை கேட்பவர் பறக்கத் தகுதியோடு நிற்க வேண்டும்.

1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒழுக்காற்றுக் காரணமின்றி ஆட்குறைப்பு என்று அனுப்பினால், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல் அனுப்ப முடியாது என்பது அந்தச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு அது பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணம் என்றால், பணிநீக்கத்துக்குப் பின் இரண்டாவது வேலைநாள் முடியுமுன் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கடிதம் எப்போது வந்தது என்று பாருங்கள். உங்கள் வேலை அச்சட்டத்தின் அட்டவணைக்குள் வருமா என்பதை நாரஹேன்பிட்ட 'மெஹெவர பியச' கட்டிடத்திலுள்ள தொழில் திணைக்களத்தில் உறுதி செய்துகொண்டு பாதையைத் தெரிவு செய்யுங்கள். அந்த விசாரிப்புக்கும் அதே 6 மாதம்தான் செலவாகும்.

கேள்வி: சம்பளப் பேச்சு இரண்டு வருடமாக இழுபடுகிறது. "எல்லோரும் ஒரே நாளில் சுகவீன விடுமுறை போடுவோம், வேலைநிறுத்தம் என்று சொல்லாவிட்டால் சட்டம் தொடாது" என்று எங்கள் சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். செயற்குழுவில் இருக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.
– வத்தளை வாசகர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சுகவீன விடுமுறைப் போராட்டம் நம் நாட்டில் பழகிப்போன ஆயுதம். விமானிகளின் கையில் அது இரு பக்கமும் வெட்டும். சுகமில்லாத விமானி பறக்கக்கூடாது என்பது உரிமத்தோடு கூடிய கடமை. நூறு பேர் ஒரே காலையில் பொய்யாகச் சுகமில்லை என்றால், அடுத்த மாதம் உண்மையாகவே காய்ச்சலோடு தொலைபேசி எடுக்கும் இளம் விமானியை எவரும் நம்ப மாட்டார்கள். அவர் பயந்து விமானத்தில் ஏறுவார். எந்தச் சம்பள உயர்வும் இதற்கு ஈடாகாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சட்டப் பக்கத்துக்கும் உலக அனுபவம் இருக்கிறது. 1999 பெப்ரவரியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகள் பெருந்தொகையாகச் சுகவீனம் அறிவித்தார்கள். திரும்பி வரும்படி நீதிமன்றம் இட்ட கட்டளையை மதிக்கவில்லை என்று அவர்களின் சங்கத்துக்கு 4 கோடி 55 இலட்சம் டொலர் விதிக்கப்பட்டது. 2012இல் எயார் இந்தியாவில், போயிங் 787 பயிற்சி எந்தப் பிரிவு விமானிகளுக்கு என்ற பிணக்கில் தொடங்கிய சுகவீன விடுப்பு 58 நாள் நீண்டு, ஏறத்தாழ நூறு பேர் பணிநீக்கமானார்கள். வென்ற உதாரணமும் உண்டு: 2009 செப்டெம்பரில் ஜெட் எயார்வேஸில், சங்கம் அமைத்த இரு மூத்த விமானிகளை நிறுவனம் நீக்கியதும் மற்றவர்கள் 5 நாள் சுகவீன விடுப்பில் நின்றார்கள். நிறுவனம் இருவரையும் திரும்ப எடுத்தது. அங்கே கோரிக்கை ஒன்றே ஒன்று, எல்லோருக்கும் விளங்கக்கூடியது, முடிவும் ஒரு வரியில் எழுதக்கூடியது. உங்கள் கோரிக்கைப் பட்டியலில் எத்தனை வரி இருக்கிறது?

1989இன் அவுஸ்திரேலியப் பிணக்கை உங்கள் செயற்குழு முழுவதும் ஒருமுறை படிக்க வேண்டும். ஏறத்தாழ 29.5 வீதச் சம்பள உயர்வு கேட்ட விமானிகள், ஆகஸ்ட் நடுப்பகுதியில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே பறப்போம் என்றார்கள். நிறுவனங்கள் நட்டஈட்டு வழக்குப் போடத் தொடங்கியதும், தனியாள் மீது வழக்கு வராமல் இருக்க 1,600க்கும் மேற்பட்டோர் ஆகஸ்ட் 24ஆம் திகதி ஒன்றாக இராஜினாமா செய்தார்கள். அங்கேதான் கால் வழுக்கியது. இராஜினாமா செய்தவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குத் திரும்பக் கேட்க உரிமையும் இல்லை. பிரதமர் பொப் ஹோக் நிறுவனங்களின் பக்கம் நின்றார், விமானப்படை விமானங்களில் பயணிகள் போனார்கள், புதிய ஆட்கள் தனித்தனி ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள். பலர் பழைய இருக்கைக்குத் திரும்பவே இல்லை. கூட்டு இராஜினாமாக் கடிதங்களை மேசை இலாச்சியில் சேர்த்து வைக்கும் யோசனை உங்களிடம் இருந்தால் இன்றே கைவிடுங்கள்.

இலங்கையில் ஒழுங்கான வழி இதுதான். பிணக்கைத் தொழில் ஆணையாளரிடம் எழுத்தில் கொடுத்துச் சமரசப் பேச்சுக்கு அழைப்பிக்க வேண்டும். அமைச்சர் அதை நடுத்தீர்ப்புக்கு அனுப்பலாம். அனுப்பிய பின் வேலைநிறுத்தம் செய்வது குற்றமாகும். அத்தியாவசியக் கைத்தொழில் என்று கட்டளை இடப்பட்டிருந்தால், வேலைநிறுத்தத்துக்கு ஆகக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் எழுத்துமூல அறிவித்தல் கொடுக்க வேண்டும். 1979ஆம் ஆண்டு 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் வர்த்தமானி வந்திருந்தால், வேலைக்கு வராமல் இருப்பதே சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகலாம், பெயர் சுகவீனமோ வேறெதுவோ. ஒரு வர்த்தமானி வந்தால் அதன் தலைப்பை மட்டும் பார்க்காமல், உங்கள் நிறுவனமும் உங்கள் சேவையும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாக வாசியுங்கள்.

சட்டப்படி வேலை என்ற நடுவழி உண்டு. ஓய்வு நாளில் தொலைபேசி எடுக்காமல் இருப்பது, ஒப்பந்தத்துக்கு மேற்பட்ட பறப்பை ஏற்காமல் இருப்பது போன்றவை. இதுவும் ஆபத்தில்லாதது என்று நினைக்க வேண்டாம். 2001இல் கதே பசிபிக் விமானிகள் இதைத் தொடங்கியதும் அந்த ஜூலையில் 49 பேர் பணிநீக்கமானார்கள். ஒழுக்காற்று விசாரணை எதுவும் நடத்தப்படவில்லை. அவர்களைப் பற்றி நிறுவனம் ஊடகங்களுக்குச் சொன்னவை அவதூறு எனவும், சங்க நடவடிக்கையில் பங்குகொண்டதற்காகவே நீக்கப்பட்டார்கள் எனவும் ஹொங்கொங்கின் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்த்தது. 11 வருடம். வென்றவர்கள் வாழ்க்கையின் நடுப்பகுதியை நீதிமன்றப் படிகளில் கழித்தார்கள். தொடங்குவதென்றால் சங்கத்தின் பொதுக்கூட்டத் தீர்மானம், இரகசிய வாக்கெடுப்பின் எண்ணிக்கை, நிறுவனத்துக்குக் கொடுத்த கடிதம் மூன்றும் கோப்பில் இருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட செய்தியில் போராட்டம் தொடங்கக்கூடாது.

கேள்வி: கடமை நேரம் முடிந்த பின் பறக்க மறுத்த கப்டனிடம் விளக்கம் கேட்கலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: என்ன நடந்தது என்று கேட்கலாம். குற்றச்சாட்டாகக் கேட்கக்கூடாது.

ஐரோப்பிய விதியை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். கொழும்பிலிருந்து டில்லி போய்த் திரும்பும் இரவுப் பறப்பு. மாலை 5.30க்குக் கடமைக்கு வருகிறார்கள். 6.30க்குப் புறப்பட்டு இரவு 10க்கு டில்லி. 11க்குத் திரும்ப வேண்டும். மூடுபனியால் 3 மணி நேரத் தாமதம். 2 மணிக்குப் புறப்பட்டால் அதிகாலை 5.30க்குக் கட்டுநாயக்க. மாலை 5க்குப் பின் தொடங்கும், இரண்டு பறப்புகள் கொண்ட கடமைக்கு அந்த விதியில் எல்லை 11 மணித்தியாலம், அதாவது அதிகாலை 4.30 வரை. எல்லையை ஒரு மணித்தியாலம் தாண்டுகிறது. இரண்டு விமானிகள் மட்டும் இருக்கும்போது கப்டன் தன் தற்றுணிபில் 2 மணித்தியாலம் வரை நீட்டலாம். நீட்டுவது அவருடைய முடிவு. தன் குழுவின் களைப்பைப் பார்த்து 'இல்லை' என்றால் அதுவும் அதே தற்றுணிபுதான். அந்தத் தற்றுணிபைப் பயன்படுத்துவது தண்டனைக்கு வழிவகுக்காத முறையில் நடக்க வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீட்டினால் 28 நாட்களுக்குள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு அறிக்கையின் பிரதி போக வேண்டும்.

உங்கள் நிறுவனத்துக்குரிய எண்கள் இயக்கக் கைநூலின் 'ஏ' பகுதியில், வழமையாக 7ஆம் அத்தியாயத்தில் இருக்கும். மறுத்த கப்டன் அன்றே எழுத வேண்டியது நான்கு விபரம்: கடமைக்கு வந்த நேரம், கடைசியாக நித்திரை கொண்ட நேரம், எதிர்பார்த்த தரையிறக்க நேரம், குழுவினர் சொன்னது. "களைப்பாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் மறுநாள் அந்த வார்த்தையை யாரும் எப்படியும் வளைக்கலாம்.

கேள்வி: எங்கள் கூட்டு ஒப்பந்தம் போன வருடமே முடிந்துவிட்டது, இனி அது செல்லாது என்கிறது நிர்வாகம். டொலர்ப் பெறுமதியில் இருந்த படியையும் பழைய விகிதத்தில்தான் தருகிறார்கள்.
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: முதலில் அந்த ஒப்பந்தம் வர்த்தமானியில் வந்ததா என்று தேடிப் பாருங்கள். கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி ஆணையாளரிடம் கொடுத்து, வர்த்தமானியில் வெளிவந்த கூட்டு ஒப்பந்தமே அச்சட்டத்தின் பலத்தைப் பெறுகிறது. அதன் நிபந்தனைகள் ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் புகுந்துகொள்ளும். கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துவிட்டு ஆணையாளருக்கு அனுப்பாமல் விட்ட ஒப்பந்தம் என்றால் உங்கள் பிடி தளர்வானது. வர்த்தமானியில் வந்திருந்தால், குறித்த காலம் கழிந்தது என்று வாயால் சொல்லி அதை முடிக்க முடியாது. நிராகரிப்பதாக மறுதரப்புக்கும் ஆணையாளருக்கும் முறைப்படி எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்தல் வந்ததா? அமெரிக்காவில் விமானிகளின் ஒப்பந்தத்துக்கு 'முடிவுத் திகதி' என்று பேச்சே இல்லை. 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிற்சட்டம் 1936இல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டப்பட்டது. அதன்படி அந்தத் திகதியில் ஒப்பந்தம் திருத்தத்துக்குத் திறக்கிறது. புதியது வரும்வரை பழையதே ஓடும். உங்கள் அடுத்த ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாசகத்தை எழுதிக்கொள்ளத் தடை எதுவும் இல்லை.

பேசவே மாட்டோம் என்றால்: பேச விரும்பும் பிரிவினரில் குறைந்தது 40 வீதத்தினர் உங்கள் சங்கத்தில் இருந்தால், பேச மறுப்பது 1999ஆம் ஆண்டு 56ஆம் இலக்கத் திருத்தத்தின்படி முறையற்ற தொழில் நடைமுறை. ஆகவே உறுப்பினர் பட்டியலையும் சந்தாப் பதிவையும் திருத்தமாக வைத்திருங்கள். 38 வீதத்தில் நிற்கும் சங்கத்துக்கு இந்தக் கதவு திறக்காது.

டொலர் விடயம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 'டொலருக்குச் சமமான ரூபா' என்று மட்டும் எழுதியிருந்த ஒப்பந்தங்கள் அப்போது கிழிபட்டன: யாருடைய விகிதம், வாங்கும் விலையா விற்கும் விலையா, எந்த நாளின் விலை? இனி எழுதும்போது, மத்திய வங்கி வெளியிடும் விகிதம், சம்பள நாளுக்கு முந்திய இத்தனையாம் வேலைநாள் என்று திகதியோடு எழுதுங்கள். விகிதம் இறங்கினால் என்ன செய்வது என்பதையும் நேர்மையோடு எழுதிவிடுங்கள். ஏறும்போது மட்டும் செல்லும் வாசகத்தை எந்த நிர்வாகமும் நீண்ட நாள் தாங்காது.

கேள்வி: மகனுக்குப் பயிற்சி கொடுத்து 3 வருடப் பொண்ட் (அதற்குள் விலகினால் பயிற்சிப் பணத்தைத் திருப்பித் தரும் ஒப்பந்தம்) கேட்கிறார்கள். நானும் தம்பியும் பிணையாளிகளாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: தொகை மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு 45 இலட்சம், 36 மாதம் என்றால் மாதம் 1 இலட்சத்து 25 ஆயிரம் குறைய வேண்டும். 20 மாதம் வேலை செய்து விலகினால் மிச்சம் 16 மாதத்துக்கு 20 இலட்சம். 35ஆம் மாதத்தில் விலகினாலும் 45 இலட்சம் முழுவதும் என்று எழுதியிருந்தால் அது செலவை மீட்பதல்ல, தண்டம். அதை எதிர்க்க இடமுண்டு. ஆனால் கையெழுத்துக்கு முன் திருத்துவதே மலிவு. நிறுவனமே நீக்கினாலோ, ஆட்குறைப்பு வந்தாலோ, மருத்துவச் சான்று போனாலோ பொண்ட் செல்லாது என்று எழுதச் சொல்லுங்கள். மாதம் எண்ணத் தொடங்குவது பயிற்சி தொடங்கிய நாளிலிருந்தா, முடிந்த நாளிலிருந்தா என்பதையும் கவனியுங்கள். பிணையாளிகளான உங்கள் இருவருக்கும்: 'முதலில் கடனாளியிடம் கேட்ட பின்னரே பிணையாளியிடம் வரவேண்டும் என்ற உரிமையைத் துறக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதில் கையெழுத்திட்டால் நிறுவனம் நேராக உங்கள் வீட்டுக்கு வரலாம். மகனின் மூல உரிமத்தைப் பொறுப்பில் வைக்கக் கேட்டால் கொடுக்க வேண்டாம். உரிமம் விமானி பறக்கும்போது கையில் இருக்க வேண்டிய ஆவணம்.

கேள்வி: 18 வருடம் பறந்து விலகினேன். பணிக்கொடை நான் நினைத்ததில் மூன்றிலொரு பங்கு.
– மவுண்ட் லவினியா வாசகர்

பதில்: 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம். நிறுவனம் அடிப்படைச் சம்பளத்தை எடுக்கிறது. நீங்கள் பறப்புப்படியையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். அடிப்படை 3 இலட்சம் என்றால் 18 வருடத்துக்கு 27 இலட்சம்தான். உயர்வு முழுவதையும் படியில் போடச் சம்மதிக்கும் சங்கங்கள் ஓய்வு நாளில்தான் இதை உணர்கின்றன. தொகை 30 நாட்களுக்குள் தரப்பட வேண்டும்; பிந்தினால் மேலதிகக் கட்டணம் உண்டு. மோசடி, கையாடல், நிறுவனச் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் போன்ற காரணங்களுக்கு மட்டுமே, ஏற்பட்ட நட்ட அளவுக்குப் பணிக்கொடையை மறிக்கலாம்.

கேள்வி: பாரிஸிலிருந்து கொழும்புக்கு வரவிருந்த அக்கா குடும்பத்தின் பறப்பு, விமானிகளின் வேலைநிறுத்தத்தால் இரத்தானது. நட்டஈடு உண்டா?
– கொழும்பு 13 வாசகி

பதில்: ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் பறப்பு என்பதால், எந்த நாட்டு நிறுவனமானாலும் ஐரோப்பிய விதி 261 பொருந்தும். சொந்த நிறுவன விமானிகளின் சங்கம் நடத்தும் வேலைநிறுத்தம் நிறுவனத்தின் கைக்கு மிஞ்சிய அசாதாரண நிலை ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 மார்ச் 23ஆம் திகதி தீர்த்தது. 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஒருவருக்கு 600 யூரோ. தனி ஆசனம் எடுத்த பிள்ளைக்கும் அதே தொகை. 14 நாட்களுக்கு முன்பே இரத்தை அறிவித்திருந்தால் இது கிடைக்காது. பயணச்சீட்டுப் பணமோ மாற்றுப் பறப்போ மட்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் என்றால் கதை வேறு, ஆகவே இரத்துக் கடிதத்தில் காரணத்தை எழுதித் தரும்படி அக்காவைக் கேட்கச் சொல்லுங்கள். அதே நிறுவனம் கொழும்பிலிருந்து பாரிஸுக்குப் புறப்படும் பறப்பை இரத்துச் செய்திருந்தால், அது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் இந்த விதி உதவும்.